கத்தரி யார் கையில்? பால் ரோப்சன் நடித்த கதை

போன செமஸ்டர் செமினாரில் எனக்கு விழுந்த தலைப்பு கடலடி கேபிள்கள். ஸ்லைடு நிரப்பணுமே என்று கொஞ்சம் வரலாறு தேடினேன். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அடியில் போட்ட முதல் டெலிபோன் கேபிளின் பெயர் டி.ஏ.டி-1. ஸ்காட்லாந்திலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போனது. 1956 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்கு முன்னால் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பேச ரேடியோ அலையைத்தான் நம்ப வேண்டும். மேலே அயனமண்டலம் ஒத்துழைக்கவில்லை என்றால் வெறும் கரகரப்புதான். புதுக் கேபிளில் முதலில் இருந்தது 36 சேனல். இரண்டு கண்டங்களுக்கு நடுவில் ஒரே நேரத்தில் 36 பேச்சு, அவ்வளவுதான். நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஃப்ளோரில் அதைவிட அதிகமாக ஓடும்.

அந்தக் கேபிளைப் பற்றிப் படிக்கும்போதுதான் ஒரு தகவல் கண்ணில் பட்டது. 1957 மே 26 அன்று லண்டனில் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் சுமார் ஆயிரம் பேர் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்டார்கள். பாடகர் மேடையில் இல்லை. அவர் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் நின்று பாடினார். குரல் மட்டும் கேபிள் வழியாகக் கடலைத் தாண்டி வந்து ஸ்பீக்கரில் ஒலித்தது. டெலிபோன் கம்பெனியின் விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்தது. ஆள் வெளியே போக முடியாததால் குரலை மட்டும் அனுப்பினார்கள்.

"யார்ரா இவர்?" என்று தேடப் போனதில் செமினார் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடகர் என்று சொன்னேன், ஆனால் அவர் முதலில் நடிகர். பெயர் பால் ரோப்சன். படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நடிகர் நடித்து முடித்த பிறகு, அந்த நடிப்புக்கு என்ன அர்த்தம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

வக்கீல் ஆபீஸிலிருந்து மேடைக்கு

1898 ஏப்ரல் 9-ல் நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் ஊரில் பிறந்தார். அப்பா அடிமையாகப் பிறந்தவர்; பதின்வயதில் வட கரோலினா பண்ணையிலிருந்து தப்பி ஓடி, பிறகு படித்துப் பாதிரியார் ஆனவர். ரோப்சனுக்கு ஆறு வயது ஆவதற்குள் அம்மா வீட்டில் நடந்த ஒரு தீ விபத்தில் இறந்துவிட்டார். 1915-ல் ஸ்காலர்ஷிப்பில் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே படித்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தான். ஃபுட்பால் டீமுக்குச் செலக்‌ஷன் போன முதல் நாளே, கூட ஆட வேண்டியவர்களே சேர்ந்து அடித்து மூக்கை உடைத்தார்கள். அவர் திரும்பிப் போய் ஆடினார். 1917, 1918 இரண்டு வருடமும் அமெரிக்க அளவிலான கனவு அணியில் பெயர். 1919-ல் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு உரை நிகழ்த்தியதும் அவர்தான்.

அடுத்து கொலம்பியா சட்டக் கல்லூரி. வார இறுதியில் காசுக்காக புரொஃபஷனல் ஃபுட்பால் ஆடிக்கொண்டே படித்து 1923-ல் முடித்தார். ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார ஸ்டெனோ, ஒரு கறுப்பர் சொல்லித் தான் எழுத மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ரோப்சன் அந்த வேலையை விட்டார். சட்டத்தையே விட்டார்.

நடிப்பு அவருக்குத் திட்டம் எல்லாம் இல்லை. படிக்கும்போதே மனைவி எஸ்லாண்டா பிடித்துத் தள்ளியதால் ஒன்றிரண்டு நாடகத்தில் தலைகாட்டியிருந்தார். எஸ்லாண்டா ஒரு ஆஸ்பத்திரி லேபில் கெமிஸ்ட் ஆக வேலை பார்த்தவர். வருமானம் வந்துகொண்டிருந்தது அவரிடமிருந்துதான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

இன்னொருத்தர் கழற்றிப் போன கிரீடம்

1924-ல் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் நாடகக் குழு ரோப்சனை இரண்டு நாடகங்களுக்கு எடுத்தது. இரண்டும் யூஜின் ஓ'நீல் எழுதியவை.

ஒன்று 'ஆல் காட்ஸ் சில்லன் காட் விங்ஸ்'. ஒரு கறுப்பின ஆணும் வெள்ளைக்காரப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. அந்தப் பெண் அவர் கையில் முத்தம் கொடுக்கும் காட்சி இருக்கிறது என்று பத்திரிகையில் வந்ததுமே மிரட்டல் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் காட்சியில் வெள்ளை, கறுப்புக் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவார்கள். குழந்தைகள் நடிக்க மேயர் அலுவலகம் அனுமதி மறுத்தது. அதனால் முதல் நாள் இயக்குநரே மேடைக்கு வந்து அந்தக் காட்சியைப் படித்துக் காட்டினார். நாடகம் நடந்தது, கலவரம் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது 'தி எம்பரர் ஜோன்ஸ்'. ரயிலில் போர்ட்டராக இருந்த ஒருவன் ஜெயிலிலிருந்து தப்பி ஒரு கரீபியன் தீவுக்குப் போய் அங்கே ராஜா ஆகிவிடுகிறான். மக்கள் கிளர்ச்சி செய்ய, ஒரே இரவில் காட்டுக்குள் ஓடி ஓடி மனம் உடைந்து சாகிறான். நாடகம் முழுக்கப் பின்னால் ஒரு முரசு. நிமிடத்துக்கு 72 அடியில், அதாவது சாதாரண நாடித் துடிப்பில் ஆரம்பித்து மெதுவாக வேகம் ஏறும். பார்ப்பவன் நெஞ்சும் கூடவே ஏறும். இதை 1920-ல் ஒருத்தர் யோசித்திருக்கிறார்!

இந்த வேடத்தை முதலில் செய்தவர் சார்லஸ் கில்பின். அவரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் போனால் தப்பு. 1920-ல் ஒரு பெரிய அமெரிக்க நாடகத்தைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்திய கறுப்பின நடிகர். வசனத்தில் கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். கில்பின் மேடையில் அதை மாற்றி மாற்றிச் சொன்னார். ஓ'நீலுக்குக் கோபம், தான் எழுதியதைத் தொடக் கூடாது என்றார். மறுபடி போட்டபோதும், 1925-ல் லண்டன் போனபோதும் வேடம் ரோப்சனுக்கு வந்தது. கில்பின் 1930-ல் இறந்தார். அதாவது ரோப்சனின் முதல் பெரிய வாய்ப்பே, வார்த்தையை மாற்றிய ஒருவரை மாற்றியதால் கிடைத்த வாய்ப்பு. ரோப்சன் அன்றைக்கு அந்த வசனத்தை எழுதியபடியே சொன்னார். அவருக்கு வயது 26. அந்த வயதில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் குறை சொல்லப் போவதில்லை.

1925 ஏப்ரலில் லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, ஒரு கச்சேரி முழுக்கக் கறுப்பின மக்களின் பாடல்களை மட்டுமே பாடினார். அடிமைக் காலத்தில் வயலிலும் ஜெபக் கூட்டத்திலும் பிறந்த பாடல்கள். பெரிய வெற்றி. இதை இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி வருமானம் கதையில் பின்னால் முக்கியமாக வரும்.

லண்டனில் ஒத்தெல்லோ

1928-ல் 'ஷோ போட்' இசை நாடகத்துக்காக லண்டன் போனவர் பத்து வருடத்துக்கும் மேலாக அங்கேயே இருந்துவிட்டார். 1930 மே மாதம் சவாய் தியேட்டரில் ஒத்தெல்லோவாக நடித்தார். டெஸ்டிமோனா பெக்கி ஆஷ்கிராஃப்ட். ஒத்தெல்லோ கறுப்பினத் தளபதி என்று ஷேக்ஸ்பியரே எழுதியிருந்தும், வழக்கமாக வெள்ளைக்கார நடிகர்கள்தான் முகத்தில் மை பூசிக்கொண்டு நடிப்பார்கள். அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்னால், 1833-ல், ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கக் கறுப்பின நடிகர் லண்டனில் அந்த வேடத்தைச் செய்திருந்தார். அவருடைய மகள் அமாண்டா அப்போதும் லண்டனில் இருந்தார். ரோப்சனுக்குக் குரல் பயிற்சி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இதில் ஒரு வேடிக்கை. முந்தைய வருடம்தான் அந்தத் தியேட்டரை ஒட்டிய சவாய் ஹோட்டலின் உணவகத்தில் தோல் நிறத்தைக் காட்டி ரோப்சனை உள்ளே விட மறுத்திருந்தார்கள். அடுத்த வருடம் பக்கத்துக் கட்டடத்தில் வெனிஸ் நகரத்தின் படைத்தளபதியாக நின்றார்.

வெள்ளைக்கார நடிகையைத் தொட்டு நடிக்க ஆரம்பத்தில் கையே வரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அதற்காக ஆளையே கொன்றிருக்கிறார்கள். அந்தப் பயம் லண்டன் வந்ததும் உடனே இறங்கிவிடாது.

கேமரா வந்ததும்

இப்போது நம் கேள்விக்கு வரலாம்.

மேடையில் திரை ஏறியதும் நடிகர்தான் எஜமான். எழுத்தாளர் தந்த வார்த்தையைக்கூடக் கில்பின் மாதிரி மாற்றிவிடலாம். சினிமாவில் அப்படி இல்லை. நடிகர் கொடுப்பது கச்சாப் பொருள். அது எங்கே ஒட்டப்படுகிறது என்பதில்தான் அர்த்தம். குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் செய்த சோதனை பற்றி ஃபிலிம் கிளப்பில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நடிகரின் அதே முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினால் பசியாகத் தெரிகிறது. ஒரு சவப்பெட்டியை ஒட்டினால் துக்கமாகத் தெரிகிறது. முகம் மாறவே இல்லை.

ரோப்சன் இதைக் கடினமான வழியில் கற்றுக்கொண்டார். அவருடைய முதல் படம், ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் எடுத்த 'பாடி அண்ட் சோல்' என்ற ஊமைப் படம், 1925. பொல்லாத போதகராகவும் அவனுடைய நல்ல தம்பியாகவும் இரட்டை வேடம். நியூயார்க் சென்சார் மறுத்ததால் மிஷோ படத்தை வெட்டி மாற்ற வேண்டி வந்தது. 1933-ல் 'எம்பரர் ஜோன்ஸ்' சினிமா ஆனது. தென் மாநிலங்களில் ஷூட்டிங்குக்கு வர மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்; காட்டையே நியூயார்க் ஸ்டூடியோவுக்குள் போட்டார்கள். அதில் ஃப்ரெடி வாஷிங்டன் என்ற கறுப்பின நடிகை கூட நடித்தார். அவர் வெளிர் நிறம். திரையில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிப்பிடிப்பது போலத் தெரியுதே என்று பயந்து, அவருக்குக் கறுப்பு மேக்கப் போட்டுத் திரும்ப எடுத்தார்கள். இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது வரவில்லை.

ஆனால் உண்மையான அடி 1935-ல் வந்தது. படம் 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்'. தயாரிப்பு அலெக்சாண்டர் கோர்டா, இயக்கம் அவர் தம்பி ஜோல்டான் கோர்டா. கதை நைஜீரியாவில் நடக்கிறது: சாண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஜில்லா அதிகாரி, அவருக்கு விசுவாசமான இனக்குழுத் தலைவன் பொசாம்போ. பொசாம்போதான் ரோப்சன்.

இந்தக் கதையைக் கேட்டதும் "இதுக்கு எப்படிங்க ஒத்துக்கிட்டார்?" என்று தோன்றும். அவர் முட்டாள் இல்லை. அந்தச் சமயத்தில் லண்டனில் ஆப்பிரிக்க மொழிகளைக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவுக்கென்று வரலாறு கிடையாது என்று ஐரோப்பியர்கள் பேசிய காலம். கோர்டாவின் குழு ஆப்பிரிக்காவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி, நடனங்கள், சடங்குகள், பாடல்களைப் படம் பிடித்து வந்தது. அந்த ஃபுட்டேஜையும் ஒலிப்பதிவுகளையும் காட்டினார்கள். இந்த மக்களின் கலையை உலகம் பெரிய திரையில் பார்க்கப் போகிறது என்று ரோப்சன் நம்பினார். மீதி எல்லாம் லண்டன் பக்கத்து ஸ்டூடியோவில். பிரிட்டனில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவர் துணை நடிகர்களாக வந்தார்கள். அவர்களில் ஒருவர், அப்போது லண்டனில் மாணவராக இருந்த ஜோமோ கென்யாட்டா. பின்னாளில் கென்யாவின் முதல் ஜனாதிபதி!

படம் முடிந்து வெளியானபோது, தொடக்கத்திலேயே காலனி ஆட்சியாளர்களைப் போற்றும் எழுத்துகள் ஓடின. ரோப்சன் வியந்து பார்த்த அதே நடனங்களும் சடங்குகளும் இருந்தன. ஆனால் கதைக்குள் அவை ஒட்டப்பட்ட இடம் வேறு: சாண்டர்ஸ் ஊரில் இருந்தால் அமைதி, சாண்டர்ஸ் லீவில் போனால் ரத்தம். நிஜ மனிதர்களின் நிஜ நடனம், "பார்த்தீர்களா, இவர்களை ஆள ஒருத்தர் வேண்டும்" என்பதற்குச் சாட்சியாக ஆகிவிட்டது. சிறுத்தைத் தோல் உடுத்திய ரோப்சன் அந்த அதிகாரி முன்னால் பவ்யமாகக் கை கட்டி நிற்கிறார். ஷூட்டிங்கின் கடைசிக் கட்டத்தில்தான் இந்தச் சாய்வு நுழைந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். படத்தையே கை கழுவினார். ஆனால் படம் அவரைக் கை கழுவவில்லை. அது நன்றாக ஓடியது. ஆப்பிரிக்கத் தேசியவாதிகள் அவரை நேரடியாகவே கண்டித்தார்கள்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது தேதிகள்தான். படப்பிடிப்புக்குப் பிறகு, படம் வெளியாவதற்கு முன்னால், 1934 டிசம்பரில் அவர் மாஸ்கோ போனார். அழைத்தவர் ஐசன்ஸ்டைன். ஷாட்டுகளை ஒட்டுவதில்தான் சினிமாவின் அர்த்தமே பிறக்கிறது என்று எழுதிய மனிதர்! ஹைத்தி அடிமைப் புரட்சி பற்றி ஒரு படம் எடுப்பது பற்றி இருவரும் பேசினார்கள். அந்தப் படம் நடக்கவே இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், லண்டனில் வேறு யாரோ ரோப்சனின் ஷாட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹைத்தித் தலைவர் தூசான் லூவெர்த்தூராக 1936-ல் அவர் லண்டன் மேடையில் நடித்தார், சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய நாடகத்தில். மேடை சரியென்றதைச் சினிமா தள்ளியது.

அடுத்து அவர் செய்தது ஒரு எஞ்சினியர் செய்கிற மாதிரி காரியம். பழுது எங்கே என்று கண்டுபிடித்து அங்கேயே போய்க் கை வைத்தார். 1936-ல் 'சாங் ஆஃப் ஃப்ரீடம்' படத்துக்கு ஒப்பந்தம் போடும்போது, கடைசி எடிட்டிங்கில் தன் சம்மதம் வேண்டும் என்று எழுதி வாங்கினார். அந்தக் காலத்தில் எந்த நிறமுள்ள நடிகருக்கும் அரிதாகக் கிடைத்த உரிமை இது. படம் சுமார்தான், உண்மையைச் சொல்லணும். ஆனால் துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் ஒரு கறுப்பர், மனைவியோடு ஒரு சாதாரண வீட்டில் சாதாரணமாக வாழ்வதை அதில் பார்க்கலாம். 1940-ல் வந்த 'தி ப்ரௌட் வேலி' அதைவிட நல்ல படம். வேலை தேடி வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊருக்கு வரும் கறுப்பின மாலுமி. அவர் குரலைக் கேட்டுத் தங்கள் பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்ளும் சுரங்கத் தொழிலாளர்கள். தான் பெருமைப்பட்ட படம் என்று ரோப்சனே இதைத்தான் சொல்வார்.

கடைசிப் படம் 1942-ல், ஹாலிவுட்டின் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்'. ஒரு கோட்டு கை மாறிப் போகும் கதை. கடைசியில் பணத்தோடு அது விமானத்திலிருந்து ஒரு ஏழைக் கறுப்பின கிராமத்தில் விழுகிறது. பணத்தைப் பொதுவில் வைத்து நிலம் வாங்கும் மக்களைக் காட்டலாம் என்று நம்பிப் போனார். திரையில் வந்தது கடவுள் காசு போட்டார் என்று குதிக்கும் வெகுளிகள். கறுப்பினப் பத்திரிகைகள் திட்டின. ரோப்சன் சப்பைக்கட்டு கட்டவில்லை. திட்டுவது சரிதான், தியேட்டர் வாசலில் மறியல் செய்தால் நானும் வந்து நிற்கிறேன் என்றார். அதோடு முழுநீளக் கதைப்படங்களில் நடிப்பதை நிறுத்திவிட்டார். வயது 44.

இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 1936-ல் வந்த 'ஷோ போட்' படத்தில் அவருக்கு மனைவியாக நடித்தவர் ஹாட்டி மக்டேனியல். அவர் ஹாலிவுட்டை விடவில்லை. வேலைக்காரி வேடங்களையே திரும்பத் திரும்பச் செய்தார். 1940-ல் 'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அந்த விழாவில்கூட அவரைத் தனி மேஜையில்தான் உட்கார வைத்தார்கள். அவரையும் எல்லோரும் திட்டினார்கள். ரோப்சன் உதறிவிட்டுப் போக முடிந்தது, ஏனென்றால் அவருக்குக் கச்சேரி மேடை இருந்தது, அதில் நல்ல பணம் வந்தது. மக்டேனியலுக்கு அப்படி இரண்டாவது கதவு இல்லை. இவர்களில் யார் சரி என்று தீர்ப்பு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

படம் பிடிக்காத ஒத்தெல்லோ

1943 அக்டோபர் 19. பிராட்வேயில் ஷூபர்ட் தியேட்டர். மீண்டும் ஒத்தெல்லோ. இயக்கம் மார்கரெட் வெப்ஸ்டர், டெஸ்டிமோனா யூட்டா ஹேகன், இயாகோ ஹோசே ஃபெரர். அமெரிக்காவில் வெள்ளைக்கார நடிகர்களோடு ஒரு கறுப்பர் ஒத்தெல்லோவாகப் பிராட்வே மேடை ஏறியது அதுதான் முதல் தடவை. 296 காட்சிகள். பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு அது சாதனை. பிறகு ஊர் ஊராகப் போனபோது, கறுப்பர்களைத் தனியாக உட்கார வைக்கும் தியேட்டர்களில் நடிக்கவே மாட்டோம் என்று குழு உறுதியாக நின்றது. அதாவது மேடையில் என்ன நடக்கும் என்பதை மட்டுமல்ல, எதிரே யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் ரோப்சன் முடிவு செய்தார்.

இதைப் பார்க்கலாம் என்று யூட்யூபில் தேடினேன். கிடைக்காது. ஏனென்றால் அது படமாக்கப்படவே இல்லை. இருவேறு நிறத்தவரின் காதலைத் திரையில் காட்டுவதையே அப்போதைய ஹாலிவுட் விதிமுறை தடை செய்திருந்தது. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் எடுத்த ஒலிப்பதிவு மட்டும் இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த நடிப்பு முழுக்க அவர் கையில் இருந்ததோ, அது அன்றன்றைக்கே கரைந்துபோனது. எது அவர் கையில் இல்லையோ, அந்தச் சிறுத்தைத் தோல் பொசாம்போ, இன்றைக்கும் நல்ல பிரிண்டில் இருக்கிறது. அவர் பெயரைப் போட்டால் அதுதான் சீக்கிரம் வந்து நிற்கிறது.

பாஸ்போர்ட்

போர் முடிந்தபின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தென் மாநிலங்களில் கறுப்பர்களைக் கும்பல் கொலை செய்வதற்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று 1946-ல் ஜனாதிபதி ட்ரூமனையே நேரில் பார்த்துக் கேட்டார். காலனி நாடுகளின் விடுதலைக்காகப் பேசினார். நேரு அவருடைய நண்பர். சோவியத் யூனியனை வெளிப்படையாகப் புகழ்ந்தார். 1949-ல் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கும்பல் கல்லால் அடித்தது. 1950-ல் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். கம்யூனிஸ்ட் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்படிக் கேட்கும் உரிமையே அரசுக்குக் கிடையாது என்று மறுத்தார். அரங்குகள் மூடின, டி.வி. வாய்ப்பு ரத்தானது. 1956-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நிறுத்தினார்கள். ரஷ்யாவை அவ்வளவு பிடிக்குமென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்டபோது, என் அப்பா இந்த நாட்டில் அடிமையாக இருந்தார், இதைக் கட்டியெழுப்பச் செத்தவர்கள் என் மக்கள், இதில் என் பங்கை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அவர் பக்கமும் ஒரு கறை இருக்கிறது. 1949-ல் மாஸ்கோ போனபோது, யூதக் கவிஞரான தன் நண்பர் ஐசிக் ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஃபெஃபர் அப்போது சிறையில். அங்கிருந்து அழைத்து வந்து காட்டினார்கள். நிலைமை ரோப்சனுக்குப் புரிந்தது. மாஸ்கோ கச்சேரியில் யூதப் போராளிகளின் பாடலை அவர்கள் மொழியிலேயே பாடினார். அது தைரியம்தான். ஆனால் ஊர் திரும்பியதும் சோவியத் பற்றி வெளியில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. ஃபெஃபரை 1952 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் ரோப்சனுக்கு ஸ்டாலின் அமைதிப் பரிசு அறிவித்தார்கள், அவர் ஏற்றுக்கொண்டார். எதிரிகளுக்கு ஆயுதம் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்ற கத்தரி இந்த ஒரு விஷயத்தில் அவர் கையில்தான் இருந்தது.

மறுபடியும் கேபிள்

அப்போது கனடா போக அமெரிக்கர்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஆனாலும் 1952 ஜனவரியில் வான்கூவரில் சுரங்கத் தொழிலாளர் மாநாட்டுக்குப் போனவரை எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் டெலிபோன் வழியாக மாநாட்டில் பேசிப் பாடினார். அதே மே மாதம் எல்லைக் கோட்டை ஒட்டி, அமெரிக்கப் பக்கம் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார். ஆயிரக்கணக்கானவர்கள் கனடா பக்கம் நின்று கேட்டார்கள்.

இங்கே நம்ம டிபார்ட்மென்ட் விஷயம் ஒன்று. சாதாரண டெலிபோன் சேனல் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் விடும், கம்யூனிகேஷன் லேபில் எல்லோரும் ப்ளாட் போட்டிருக்கிறோம். ரோப்சன் மாதிரிக் கட்டைக் குரலின் அடி ஸ்வரங்களோ 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். கணக்குப்படி டெலிபோனில் அவருடைய குரலின் அடித்தளமே வெட்டுப்பட்டுப் போக வேண்டும். ஆனால் போனில் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்கிறது? மேலே இருக்கும் ஹார்மோனிக்ஸின் இடைவெளியை வைத்து, கீழே இல்லாத ஸ்வரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. கேட்பவர் மனது வைத்தால் வெட்டுப்பட்டது திரும்பக் கிடைக்கிறது. சினிமா கத்தரிக்கு இந்த வசதி கிடையாது.

லண்டன் கச்சேரி முடிந்து, அதே 1957 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. வேல்ஸில் போர்த்கால் என்ற கடற்கரை ஊரில் சுரங்கத் தொழிலாளர்களின் கலைவிழா. அதே கேபிள். நியூயார்க்கிலிருந்து ரோப்சன் பாடினார். அரங்கில் ஐயாயிரம் பேர், கூடவே ட்ரியோர்கி ஆண்கள் பாடகர் குழு. பதினேழு வருடம் முன்னால் ஒரு படத்தில் வேல்ஸ் சுரங்கக்காரர்கள் ஒரு கறுப்பின மாலுமியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டார்களே, அது கதை. இது நிஜ சுரங்கக்காரர்கள். கேபிள் இரண்டு பக்கமும் வேலை செய்தது. அவர்கள் பாடியது நியூயார்க்கில் தனியாக மைக் முன்னால் நின்றவருக்குக் கேட்டது.

1958 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன்னொருவரின் வழக்கில் தந்த தீர்ப்பால் இவருடைய பாஸ்போர்ட்டும் திரும்பக் கிடைத்தது. 1959-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே கடைசியாக ஒத்தெல்லோ. பிறகு உடலும் மனமும் தளர்ந்து, மேடையிலிருந்து ஒதுங்கி, 1976 ஜனவரி 23-ல் ஃபிலடெல்பியாவில் காலமானார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் 'தி ப்ரௌட் வேலி'. அடுத்து, எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை, 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்'. அதில் கதையை விட்டுவிட்டு, அந்த நடனக் காட்சிகளுக்கு முன்னும் பின்னும் எந்த ஷாட் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே பாருங்கள். கடைசியாகப் போர்த்கால் ஒலிப்பதிவு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதில் அரங்கம் முழுக்கச் சேர்ந்து அவருக்குத் திருப்பிப் பாடும் இடமும் இருக்கிறது.